ஸ்லாப்புக்குள் போகும் கார்டும் போகாத பாட்டுப் புத்தகமும்

வாரத்துக்கு ஒருத்தராவது வாட்ஸ்அப்பில் ஒரு கார்டு போட்டோவை அனுப்பி, "அண்ணே, இது எவ்வளவு போகும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். பாதிக்கு மேல் தங்கக் கலரில் மின்னும் போக்கிமான் கார்டு. ஸ்டேஷனரி கடையிலும், பள்ளிக்கூட வாசலிலும், மதுரைத் தமுக்கம் பொருட்காட்சியிலும் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குமே, அதே பிளாஸ்டிக் அட்டைதான். யாரோ ஒரு யூடியூபர் ஒரே ஒரு கார்டைக் கோடிக்கணக்கில் வாங்கினார் என்ற வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வாங்கியது நிஜம்தான். லோகன் பால் 2021இல் ஒரு பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் கார்டை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கினார், கின்னஸிலும் ஏறியது. ஆனால் அது 1990களின் கடைசியில் ஜப்பானில் ஓவியப் போட்டியில் ஜெயித்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்த கார்டு, கடையில் விற்றதே கிடையாது. அதற்கும் நம்ம பொருட்காட்சிப் பாக்கெட்டுக்கும் பிகாச்சு மூஞ்சியைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. பிள்ளைகளிடம் விளையாடக் கொடுங்கள், கிழிந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன்.

அடுத்த கேள்வி கையோடு வரும். "கிரேடிங் பண்ணினா விலை ஏறுமாண்ணே?" இதற்கு வாட்ஸ்அப்பில் டைப் அடித்து டைப் அடித்து விரல் தேய்ந்ததால் இங்கே எழுதி வைக்கிறேன், இனிமேல் லிங்க்கை அனுப்பினால் போதும்.

கிரேடிங் என்றால் என்ன என்று நம்ம ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க, நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதிக்குத்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நகைக்கு ஹால்மார்க் எப்படியோ அப்படித்தான் கார்டுக்கு கிரேடிங். 2021இலிருந்து நகையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் ஒரு தனிக் குறியீடு போடுகிறார்கள் இல்லையா, அதை ஆப்பில் தட்டினால் விவரம் வருகிறது. அதே மாதிரி கிரேடிங் கம்பெனி உங்கள் கார்டைப் பார்த்து, அசல்தானா என்று முடிவு செய்து, 1இலிருந்து 10 வரை ஒரு மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டி மூடி, மேலே ஒரு சான்று எண் கொடுக்கிறது. அந்த உறைக்குத்தான் ஸ்லாப் என்று பெயர். உடைக்காமல் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது.

ஆனால் ஒற்றுமை அதோடு சரி. தங்கத்தில் எத்தனை பங்கு கலப்பு என்று மெஷின் சொல்லிவிடும், கார்டுக்கு மார்க் போடுவது ஒரு மனிதரின் கண். அதே கார்டை ஸ்லாப்பிலிருந்து உடைத்து எடுத்து மறுபடியும் அனுப்பினால் ஒரு மார்க் கூட வருவதும் உண்டு, குறைவதும் உண்டு. இதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் துறையில் பெரிய ஆள் 1991இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஎஸ்ஏ. பெக்கெட் இன்னொன்று. மையம் (படம் சரியாக நடுவில் இருக்கிறதா), மூலை, ஓரம், மேற்பரப்பு என்று நாலுக்கும் தனித்தனி மார்க் போடுவது அவர்கள் பழக்கம். நாலிலும் பத்துக்குப் பத்து வாங்கினால் கறுப்பு லேபிள், அது அபூர்வம். 2000இலிருந்து காமிக்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்த சிஜிசி 2020இல் கார்டுக்கும் வந்தது. எஸ்ஜிசி என்று இன்னொரு பழைய கம்பெனி, அதை 2024இல் பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமே வாங்கிவிட்டது. போட்டி எவ்வளவு நிஜம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மார்க் என்றால் பத்தில் ஒன்பது வாங்கினாலும் நல்ல மார்க்தானே என்று நினைப்போம், இங்கே அப்படி இல்லை. லோகன் பால் கதையிலேயே அது இருக்கிறது. அவர் கையில் அதே பிகாச்சு கார்டின் 9 மார்க் பிரதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. 12 லட்சத்து 75 ஆயிரம் டாலர் என்று மதிப்புப் போட்டு அதைக் கொடுத்து, மேற்கொண்டு 40 லட்சம் டாலரை ரொக்கமாகக் கொடுத்துத்தான் 10 மார்க் கார்டை வாங்கினார். படம் ஒன்று, அச்சு ஒன்று. வித்தியாசம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று.

அந்தக் கண் ஏமாறாதா என்றால், ஏமாறியிருக்கிறது, அதுவும் முதல் கார்டிலேயே. 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட்டோடு பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட கார்டு கொடுத்தார்கள். அதில் ஹோனஸ் வாக்னர் கார்டு ரொம்பக் குறைவாகத்தான் வெளியே வந்தது. அப்படி ஒரு வாக்னர் கார்டைத்தான் பிஎஸ்ஏ முதன்முதலில் தரம் பிரித்து 8 மார்க் கொடுத்தது. அந்த வயசுக் கார்டுக்கு எட்டு என்பது தலைசுற்றும் மார்க். 2007இல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013இல், அந்தக் கார்டை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய கார்டுக்கு மார்க்கே போடக்கூடாது என்பது பிஎஸ்ஏவின் சொந்த விதி. கிரேடிங்கே வேண்டாம் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஸ்லாப்பைப் பார்த்ததும் கும்பிடு போடாதீர்கள், உள்ளே இருக்கும் கார்டைப் பாருங்கள் என்பதற்குத்தான்.

எப்படிப் பார்ப்பது? தெற்காவணி மூல வீதியில் பட்டறை சாமான் விற்கும் கடைகளில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் கிடைக்கும், ஆசாரிமார் கண்ணில் வைத்துக் கல் பார்ப்பது. அது ஒன்று, செல்போன் டார்ச் ஒன்று, ஒரு ஸ்கேல். இவ்வளவுதான் முதலீடு.

என்னிடம் பிளாஸ்டாய்ஸ் என்ற போக்கிமானின் கார்டு ஒன்று இருக்கிறது, 1999இல் ஆங்கிலத்தில் வந்த முதல் செட், கீழே வலது மூலையில் 2/102 என்று இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் பெரியம்மா மகன் லீவுக்கு வந்தபோது கொடுத்தது. நம்ம பக்கத்தில் அந்தக் காலத்து அசல் கார்டு யாரிடமாவது இருந்தால் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியா, துபாய் பெட்டியில் வந்ததாகத்தான் இருக்கும். நேராக வைத்துப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. டார்ச்சைச் சாய்வாக அடித்தால் கதை வேறு. படத்தில் மின்னுகிற பகுதி முழுக்கத் தலைமுடி கனத்தில் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு டவுசர் பையில் வைத்திருந்ததன் பலன். திருப்பினால் பின்பக்கம் கருநீல ஓரம், அதில் கீழ் மூலைகளில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள். நீலச் சாயம் உதிர்ந்து உள்ளே இருக்கும் அட்டை எட்டிப் பார்க்கிறது. போக்கிமான் கார்டில் மார்க் போவது முக்கால்வாசி இந்தப் பின்பக்க ஓரத்தில்தான், முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத் தெரியாது. ஸ்கேல் வைத்து இடது பக்க மஞ்சள் பார்டரையும் வலது பக்கத்தையும் அளந்தால் ஒன்று இன்னொன்றில் ஒன்றரை மடங்கு. பிஎஸ்ஏவில் பத்து மார்க்குக்கு முன்பக்கத்தில் எதிரெதிர் பார்டர்களின் விகிதம் 55க்கு 45 என்ற அளவைத் தாண்டக்கூடாது, பின்பக்கத்துக்கு 75க்கு 25 வரை விட்டுக்கொடுப்பார்கள். நான் அனுப்பும்போதே ஆறு அல்லது ஏழு என்று எழுதி வைத்திருந்தேன், ஆறு வந்தது. விற்க அனுப்பவில்லை, என் கண் எந்த அளவுக்குச் சரி என்று பார்க்கத்தான்.

போலியைக் கண்டுபிடிப்பதும் இதே லென்ஸில்தான். அசல் கார்டில் படம் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாகத் தெரியும், ஆனால் கறுப்பு எழுத்து புள்ளி இல்லாமல் ஓரம் சுத்தமாக இருக்கும். போலியை அசலை ஸ்கேன் பண்ணி அடிப்பதால் எழுத்தும் புள்ளி புள்ளியாகச் சிதறும். சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்த யாரையாவது தெரிந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள், எந்த யூடியூப் வீடியோவையும் விட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

சரி, இப்போது நம்ம சரக்குக்கு வருவோம்.

நான் அதிகம் சேர்ப்பது கார்டு இல்லை, சினிமாப் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்பார்களே, கதைச் சுருக்கம் போட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிப்பார்களே, அது. மதுரை மாதிரி ஊரில் இதைச் சேர்க்காமல் வேறு எதைச் சேர்ப்பது? 1937இல் வந்த சிந்தாமணி படத்தின் வசூலில் ஒரு தியேட்டரையே கட்டி அதற்கு அந்தப் படத்தின் பெயரையே வைத்த ஊர். 1952இல் திறந்த தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியது என்று பெருமை பேசிய ஊர். இரண்டு தியேட்டருமே இன்றைக்கு இல்லை. வாசலில் விற்ற அந்தத் தாள்தான் எங்காவது ஒன்றிரண்டு மிச்சம்.

அதுவும் எப்படி மிச்சம்? சாணித்தாள் மாதிரி மட்டமான காகிதம், ஒரே கலர் மை, நடுவில் ஒரு ஸ்டேப்ளர் பின். அந்தப் பின் துருப்பிடித்துச் சுற்றிலும் காகிதத்தைத் தின்றிருக்கும். அட்டையில் மேல் ஓரத்தில் பெயர், வகுப்பு, "இதை எடுப்பவன் கண் குருடு" என்று சாபம். என்னிடம் இருக்கும் ஒன்றில், ஒரு பாட்டின் மூன்றாவது வரியில் ஒரு வார்த்தையை நீல மசியில் அடித்துவிட்டு மேலே வேறு வார்த்தை எழுதியிருக்கிறது. புத்தகம் அச்சான பிறகு படத்தில் வரியை மாற்றிவிட்டிருக்கிறார்கள். யாரோ ஒருத்தர் படத்தைப் பார்த்து, மாற்றியதைக் கவனித்து, வீட்டுக்கு வந்து திருத்தி வைத்திருக்கிறார். எனக்கு அந்தத் திருத்தம்தான் புத்தகத்திலேயே பெறுமதியான இடம். எந்த கிரேடிங் கம்பெனிக்குப் போனாலும் மேலே எழுத்து இருக்கிறது என்று அதற்குத்தான் முதலில் மார்க் குறைப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. கை படாத பொருளுக்கு மார்க் போடும் தொழில் அது. அமெரிக்காவில் டாப்ஸ் கம்பெனியின் 1952ஆம் வருஷத்து பேஸ்பால் கார்டு விற்காமல் தேங்கியதால் பெட்டி பெட்டியாகக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதே செட்டில் வந்த மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 9.5 மார்க்கோடு 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. இங்கே பாட்டுப் புத்தகம் கடலுக்குப் போகவில்லை, கடலை மடிக்கப் போனது. சிம்மக்கல் பக்கம் நான் வழக்கமாகப் போகும் பழைய பேப்பர் கடைக்காரர் இன்னும் சிரிப்பார். "ஏந்தம்பி, இதுக்குப் போயி அமெரிக்காவுல மார்க் போடுறாய்ங்களா? அங்கிட்டு ஒரு மூடை கெடக்கு, அள்ளிட்டுப் போங்க." போய்ப் பார்த்தால் மூடையில் கைடும் கல்யாணப் பத்திரிகையும்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

நம்ம ஊரில் ஒரு பொருள்மேல் பிரியம் வந்தால் முதலில் செய்வது லேமினேஷன். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்ச் சூடாக ஒரு தேய்ப்பு. திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி ஒரு பழைய நடிகர் கையெழுத்துப் போட்ட போட்டோவைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா படப்பிடிப்பில் நேரில் நின்று வாங்கியதாம். லேமினேட் பண்ணி, பிரேம் போட்டு, பிரேமுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வருஷக்கணக்காகச் சுவரில் இருந்திருக்கிறது. "பிரிச்சு எடுக்க முடியாதாண்ணே?" முடியாது. பிசின் தாளோடு ஒட்டிவிட்டது, பிரித்தால் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். சந்தையைப் பொறுத்தவரை அது கெட்டுப்போன சரக்கு, விலை சொல்ல ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எப்படியும் அப்பா விக்க விடமாட்டாரு" என்று பையில் வைத்துக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போனார்.

கையெழுத்து விஷயத்தில் இன்னொன்று. ரசிகர் கடிதத்துக்குப் பதிலாகத் தபாலில் வந்த போட்டோக்களில் கையெழுத்தும் படத்தோடு சேர்த்தே அச்சடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். லென்ஸில் பாருங்கள். பேனா ஓடியிருந்தால் கோடு ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மை தடித்திருக்கும், அழுத்தம் கூடிக் குறையும். அச்சு என்றால் கோடே புள்ளிகளாக உடையும். பேனாவில் எழுதியதாகவே இருந்தாலும் எழுதியது அவர்தானா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடிக்க எஃப்பிஐ ஆபரேஷன் புல்பென் என்று தனி நடவடிக்கையே எடுத்தது. அங்கே கிரேடிங் கம்பெனிகளில் கையெழுத்தைச் சரிபார்க்கத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அசல் மாதிரிகள் ஏராளமாக வேண்டும். நம்ம பழைய நடிகர்களுக்கு அவர்களிடம் எத்தனை மாதிரி இருக்கப்போகிறது?

டிரம்ப் கார்டைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ் என்று கத்தி விளையாடினோமே அந்த மல்யுத்த கார்டுகளில் பலவற்றில் அடித்தவர் பெயர் கிடையாது, வருஷம் கிடையாது. எந்த செட் என்றே அடையாளம் காண முடியாததை யாரும் தரம் பிரிக்க மாட்டார்கள். முழுக் கட்டு அட்டைப்பெட்டியோடு இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன்.

அப்போ எதைத்தான் அனுப்புவது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கார்டுக்குக் கட்டணமே இருபது முப்பது டாலர். கார்டின் விலை கூடுதல் என்று அவர்கள் கருதினால் கட்டணத்தையும் ஏற்றுவார்கள். நாம் தனியாக அனுப்பினால் கூரியர் செலவு கட்டுப்படியாகாது, அதனால் பல பேர் கார்டைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் ஏஜெண்ட் வழியாகத்தான் போகவேண்டும். போக வர இன்சூரன்ஸ். 2025 ஆகஸ்டில் 800 டாலருக்குக் கீழ்ப்பட்ட பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா எடுத்துவிட்டது, அந்தத் தலைவலி வேறு. திரும்பி வரும்போது இது வாங்கிய சரக்கு இல்லை, நான் அனுப்பியதே திரும்பி வருகிறது என்று நம்ம கஸ்டம்ஸுக்குக் காகிதம் காட்டவேண்டும், அனுப்பும்போதே போட்டோ, பில் எல்லாம் எடுத்து வைக்காவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். எல்லாம் சேர்த்தால் ஒரு கார்டுக்குச் சாதாரணமாக மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. காத்திருப்பது மாதக்கணக்கில். 2021 மார்ச்சில் குவிந்த கார்டைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளை நிறுத்தியே வைத்தது. அந்தச் சமயத்தில் ஒரு ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, போன் எடுக்காமல் அவர் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

என் கணக்கு எளிது. 8 மார்க் வந்தாலே செலவு போகக் கையில் காசு நிற்குமா என்று பார்ப்பேன், ஏற்கெனவே அதே மார்க்கில் விற்ற விலைகளை வைத்து. பத்து வந்தால்தான் லாபம் என்ற கார்டை அனுப்புவது லாட்டரி. விற்க நினைக்காத பொருளை அனுப்பவே மாட்டேன். வாங்கும்போதுதான் கிரேடிங் எனக்கு உதவுகிறது. முன்பின் தெரியாத ஆளிடம் ஆன்லைனில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு கார்டு வாங்குகிறேன் என்றால் ஸ்லாப்பில் இருப்பதைத்தான் வாங்குவேன், அதுவும் சான்று எண்ணைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு, அங்கே இருக்கும் படத்தோடு கீறல் கீறலாக ஒப்பிட்டுவிட்டு. ஸ்லாப்பையே போலியாகச் செய்து, நிஜமான ஒரு சான்று எண்ணை அதில் அடித்து விற்கிறார்கள். எண் சரியாக வந்துவிட்டது என்று பணத்தை அனுப்பிவிடாதீர்கள்.

கிரேடிங்கை விட்டுத்தள்ளுங்கள், மதுரை வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் இருப்பதைக் காப்பாற்றுவதே பெரிய வேலை. மின்னும் கார்டுகள் மழைக்காலத்தில் அப்பளம் பொரித்த மாதிரி வளையும், காகிதப் பக்கம் ஈரம் குடிக்கும், மின்னும் பக்கம் குடிக்காது, அதனால். மருந்து டப்பாவிலும் ஷூ பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பையைத் தூக்கி எறியாமல் கார்டு டப்பாவில் போடுங்கள். போட்டோ ஆல்பம் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், புது ரெக்சின் வாடை அடித்தால் அது பிவிசி, நாளாக ஆகப் பிசுபிசுத்துக் கார்டில் ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஸ்லாப்பில் போட்டுவிட்டோமே என்று ஜன்னல் வெயில் படும் ஷோகேஸில் வைக்காதீர்கள், சாயம் அதற்குள்ளேயும் வெளுக்கும்.

பாட்டுப் புத்தகத்துக்கு எதிரி கரையானும் ராமபாணப் பூச்சியும். நான் துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு, தாளுக்குத் தாள் நடுவில் வெள்ளைக் காகிதம் வைத்து, தரையில் படாமல் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பின்னைக் கழற்றும்போது இழுக்காதீர்கள். பின்பக்கம் காலை நிமிர்த்தி, தாளைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கமாக மெதுவாக எடுக்கவேண்டும், வராவிட்டால் கட்டிங் பிளேயரால் நறுக்கி எடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு நாள் பூராவும் மின்விசிறிக் காற்றில் நிழலில் பரப்பி வைத்தால் போதும், வெயிலில் வேண்டாம்.